நான் வணக்கம் சொல்லி முடிக்காத கதை

ஒரு நல்ல படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு படுக்கப் போகிறவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. பார்த்த படத்தை மறுநாள் காலையிலேயே நடைமுறைப்படுத்தப் புறப்படுகிறவர்களால்தான் எல்லாம் வருகிறது. நான் இரண்டாவது வகை. (இதைக் கல்யாணத்துக்கு முதலே யாராவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம் என்று என் மனைவி மாலா இப்போதும் சொல்வாள்.)

2009 மார்கழியில், பரிஸின் புறநகரான பியர்ஃபித்தில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதே மாடியில் குடியிருந்த நேசன் இறுவட்டைக் கொண்டுவந்திருந்தான். அவன் பரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தான். நான் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தேன்.

அமெரிக்காவின் தெற்கே, கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஒரு சின்னக் கல்லூரி. அவர்களை மனிதராகவே மதிக்காத ஊர், மதிக்காத காலம். அந்த மாணவர்கள் விவாதம் பழகுகிறார்கள். மேடை ஏறி, எதிரில் இருப்பவனின் நியாயத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைக்கிறார்கள். இறுதியில், அவர்களைத் தன் வாசலில்கூட நிற்க விடாத உலகம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

நான் விம்மி விம்மி அழுதேன். 2009 எப்படிப்பட்ட ஆண்டு என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வசந்தம் முழுவதும், வன்னியில் போரை நிறுத்தச் சொல்லிப் பரிஸ் தெருக்களில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தோம். ஒருவர் காதிலும் விழவில்லை. பேசினால் கேட்பார்கள் என்று ஒரு படம் சொன்னபோது அதை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நேசன் அழவில்லை. "அண்ணை, ரெண்டு மணித்தியாலமாக் கதைச்சுக்கொண்டே இருக்கிறாங்கள். ஒரு அடிபாடு இல்லை. எண்டாலும் கறுவல் பெடியள் நல்லாத்தான் கதைக்கிறாங்கள்" என்றான்.

நான் படத்தை நிறுத்தினேன். "நேசன், அந்தச் சொல்லை இனி இந்த வீட்டிலை பாவிக்கக் கூடாது."

பிறகு அடிமைக் கப்பல்களில் தொடங்கி, ஆண்டு வாரியாக, ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது என் வியாதி. எந்தத் துயரத்தையும் திகதியோடு சொன்னால்தான் எனக்கு நிம்மதி. நான் அடுத்த நூற்றாண்டுக்குள் நுழையும் நேரத்தில் நேசன் கையைத் தூக்கினான்.

"சரி அண்ணை. இனிச் சொல்லேல்லை. முடிவைப் போடுங்கோ, எனக்குப் பசிக்குது."

அடுத்த மாதமே என் மேடை கிடைத்தது.

பத்மா ரீச்சர் என்று ஒருவர் லா சப்பலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துவந்தார். நேசன் வேலை செய்த உணவகத்தின் பின்னறைதான் வகுப்பு. ஒரு பக்கம் குளிர்பெட்டி, மறுபக்கம் வெங்காய மூட்டைகள். அங்கே படித்த பிள்ளைகள் 'அ' என்று எழுதும்போது கண் கலங்கினால் அது மொழிப்பற்று இல்லை. என் மகள் இனியாவும் அங்கேதான் படித்தாள், அப்போது அவளுக்கு ஏழு வயது. வன்னியிலிருந்து புதிதாக வந்த சில பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு புரியாமல் கிழமை முழுவதும் வாய் திறக்காத அவர்கள், சனிக்கிழமை அந்த வெங்காயங்களுக்கு நடுவில்தான் பேசுவார்கள். இப்போது முதலாளி உணவகத்தை விற்கப்போகிறார். சித்திரைக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பு இல்லை.

பக்கத்துத் தெருவில், குடியிருப்பாளர்களுக்கென்று ஒரு பொது இல்லம் இருந்தது. அதில் ஒரு அறை சனிக்கிழமை பின்னேரங்களில் காலியாகியிருந்தது. ரீச்சருக்காக நான் விண்ணப்பித்தேன். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. (அதைப் பரப்பியவனும் நான்தான்.) இல்லத்தை நடத்திய அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ்யூ, இன்னொரு குழுவும் இதே அறையைக் கேட்கிறது. மாலி நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம் பெண்கள். நீங்கள் இரண்டு பேரும் சந்தித்து, நேரத்தைப் பற்றிப் பேசிப் பார்க்கிறீர்களா?"

சாதாரண மனிதன் ஒருவன் இதற்கு 'சரி' என்று சொல்லியிருப்பான்.

"இல்லை, மதாம்" என்றேன் நான். "குடியிருப்பாளர்கள் முன்னிலையில் பகிரங்கமாக விவாதிப்போம். மக்கள் கைதூக்கித் தீர்மானிக்கட்டும்."

குடிமக்களின் பங்கேற்பு எவ்வளவு அருமையான விசயம் என்று அம்மையார் மனம் நெகிழ்ந்து சொன்னார். பங்குனியில் ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது.

ரீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, நேரத்தைப் பிரிச்சுக் கேட்டிருக்கலாமே."

"ரீச்சர், உரிமையைப் பிரிக்க ஏலாது."

"அறையைத்தானே கேட்டனாங்கள்?"

"நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கேல்லை" என்றேன்.

"சரி, அப்ப நான் எழும்பி ரெண்டு வசனம் சொல்லட்டே? எங்களிட்டைச் சின்னப் பிள்ளையள் இருக்கினம், இடமில்லை எண்டு."

"ரெண்டு வசனத்திலை எங்கட வரலாற்றைச் சொல்ல ஏலுமே, ரீச்சர்?"

அவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிழையாக எழுதப்பட்ட ஒரு சொல் போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

படத்தில் மாணவர்கள் நீர்நிலை ஓரமாக நின்று பயிற்சி எடுப்பார்கள். ஆகவே நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லெத் கால்வாய்க் கரையில் பயிற்சி எடுத்தேன். எதிரணியாக நேசனை நிறுத்தினேன். அவனிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவன் என்னோடு ஒத்துப்போனான்.

"நேசன், நீ என்னை எதிர்க்க வேணும்."

"எப்பிடி அண்ணை எதிர்க்கிறது? நீங்கள் சொல்லுறது சரிதானே."

"சும்மா, பிழையெண்டு சொல்லு."

"சரி. நீங்கள் சொல்லுறது பிழை."

"ஏன் பிழை?"

"அதை நீங்கள்தான் எழுதித் தரவேணும், அண்ணை."

இதிலிருந்து எனக்குத் தெரியவந்தது, நேசனின் திறமை பேச்சில் இல்லை, சபையில் இருக்கிறது என்பது. அவனுக்கு இரண்டு பொறுப்புகள் கொடுத்தேன். நான் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தால் கைதட்ட வேண்டும். வாக்கெடுப்பின்போது நான் அவனைப் பார்த்தால் கையைத் தூக்க வேண்டும். எங்கள் பெற்றோர் பலருக்குப் பிரெஞ்சு போதாது. அவர்கள் நேசனைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். இவ்வளவு துல்லியமான திட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை.

பேச்சை எழுதும்போதுதான் அந்தப் பெரிய தவறு நடந்தது. படம் எனக்கு வீராவேசத்தைத்தான் தந்தது. பேசும் முறையை நான் அறிந்தது எங்கள் பட்டிமன்றங்களில். பாடசாலை நாட்களில் நான் பட்டிமன்றப் பேச்சாளன். எங்கள் முறையில் முதலில் சபை வணக்கம். நடுவருக்கு, மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், எதிரணிக்கு, சபைக்கு, பிறகு தமிழுக்கு. வணக்கத்தில் சுருக்கம் காட்டுவது அவமரியாதை. அடுத்ததாக, எதிரணியை உறவுமுறை வைத்து ஒரு நக்கல். சபை சிரித்தபின் விசயம். முதல் மணி அடித்தால் அது வெறும் நினைவூட்டல். இரண்டாவது மணி அடித்தால் 'நேரத்தின் அருமை கருதி' என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பேச்சாளன் சூடுபிடிப்பான். இந்த முழு ஏற்பாட்டையும் ஒரு வரி குறையாமல் பிரெஞ்சில் எழுதினேன். எங்களுக்குத் தரப்பட்ட நேரம் ஆளுக்கு நான்கு நிமிடம் என்பதை நான் ஒரு சம்பிரதாயமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை, எங்கள் கல்யாணப் பதிவுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இல்லத்து வாசலில் உயரமான ஒரு கறுப்பினப் பெண் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனம் பொங்கியது. உதவி செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவுரை சொல்லலாம் என்று தோன்றியது.

"படிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்யூ, சட்டம்."

"நல்லது. விவாதம் பழகுங்கள். உங்கள் மக்களுக்கு அது மிகவும் தேவை. இதைப் பற்றி ஒரு படம் இருக்கிறது." படத்தின் பெயரைச் சொன்னேன்.

"பார்த்திருக்கிறேன், மிஸ்யூ."

"அழுதீர்களா?"

"இல்லை. அடுத்த நாள் எனக்குப் போட்டி இருந்தது."

(ஓட்டப் போட்டியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேசனுக்கு அடிமைக் கப்பலில் இருந்து விளக்கம் கொடுத்தவன் நான்.)

உள்ளே போனதும் ஒரு வெக்கை. வெப்பமூட்டி உச்சத்தில் சிக்கிக்கொண்டு நிற்க மாட்டேன் என்றிருந்தது. திருத்துவதற்கு ஒருவர் வந்து, ஒரு உதிரிப்பாகத்துக்காகக் காத்துக்கொண்டு, மேடை ஓரத்து நாற்காலியில் பையோடு இருந்தார். நடுவில் இல்லத்து அம்மையார், ஒரு சின்னக் கைமணியுடன். அவருக்குப் பக்கத்தில் மாநகராட்சியிலிருந்து வந்த ஒருவர். முன்வரிசையில் ரீச்சரும், இனியாவோடு மாலாவும், எங்கள் பெற்றோரும். நேசன் எனக்கு நேரெதிராக, கைகளை மடியில் தயாராக வைத்துக்கொண்டு.

எதிரணி மேசையில், நாற்காலி தூக்கிய அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் அய்சத்தா என்று அம்மையார் அறிமுகப்படுத்தினார். பல்கலைக்கழகத்து விவாத அணியின் தலைவி என்றும் சொன்னார்.

மூன்று மாதமாக அந்தப் படத்தில் நான் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவர் எதிர் மேசையில் இருந்தார். அப்படியானால் இந்த மேசையில் இருப்பது யார் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

"எங்கள் கட்டடத்தில் பிள்ளைகள் படிக்கட்டில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள்" என்று தொடங்கினாள். "மின்தூக்கி வேலை செய்வதில்லை. ஆகவே எல்லாரும் அவர்களைத் தாண்டித்தான் ஏறுகிறோம். போன மாதம் நான் ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியை மிதித்துவிட்டேன். என் சப்பாத்து அடையாளத்தோடுதான் அவள் அதை ஆசிரியரிடம் கொடுத்தாள். ஆசிரியர் அவளுக்கு அசுத்தம் என்று எழுதினார். எங்களுக்கு மேசை தேவை. எதிரில் இருப்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொப்பியைப் பற்றி நான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்."

உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கத் தேவையே ஏற்படவில்லை.

நேசன் முன்னால் குனிந்து என்னிடம் கிசுகிசுத்தான்: "அண்ணை, பிள்ளை ஒரு வணக்கம்கூடச் சொல்லேல்லைப் போல. மரியாதை இல்லை. நாங்கள் வெண்டிட்டம்."

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"இந்த மாபெரும் மன்றத்தின் ஒப்பற்ற தலைவி அவர்களே, உங்கள் நடுநிலைக்கு என் வணக்கம். மாநகரத்தின் பெருமையைத் தோளில் சுமந்து வந்திருக்கும் பிரதிநிதி அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்." மூன்றாவது நாற்காலியைப் பார்த்தேன். மேடையில் இருப்பவரை விடுவது முறையில்லை. "மேடையைத் தன் வருகையால் அலங்கரித்துக்கொண்டிருக்கும் வெப்பமூட்டி வல்லுநர் அவர்களே..."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

வெக்கையில், கம்பளிக் கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். என்னையறியாமல் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். நேசன் பலமாகக் கைதட்டினான். எங்கள் பெற்றோரும் தட்டினார்கள். மாநகராட்சிக்காரர் தனியாக விடப்படக் கூடாதே என்று தானும் தட்டினார். எனக்கு உற்சாகம் வந்தது. சன்னலோரம் இருந்தவர்களுக்கு வணக்கம் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர்களுக்குத் தனியாகச் சொன்னேன். மறுபடி துடைத்தேன். மறுபடி கைதட்டல். இப்போது யாரும் எதற்குத் தட்டுகிறோம் என்று கேட்கும் நிலையில் இல்லை.

அடுத்தது எதிரணிக்கான நக்கல். அய்சத்தா பக்கம் திரும்பினேன்.

"எதிரணியில் இருக்கும் என் அன்புத் தங்கை இவ்வளவு கூர்மையாகப் பேசுகிறார். இவர் போகப்போகும் வீட்டில் இருக்கும் மாமியாரை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது."

எங்கள் ஊரில் இந்த இடத்தில் கூரை அதிரும். அங்கே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது தெளிவாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு பெண் "என்ன சொல்கிறார் இவர்?" என்று கேட்டார். மாநகராட்சிக்காரர் தன் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

துடைத்தேன்.

அந்த மயான அமைதியில், நேசன் எழுந்து நின்று கைதட்டினான்.

மணி அடித்தது. முதல் மணியாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். "இறுதியாக, ஈராயிரம் ஆண்டு மூத்த எங்கள் மொழிக்கு வணக்கம் சொல்லி விசயத்துக்கு வருகிறேன்" என்றேன்.

"மிஸ்யூ, உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றார் அம்மையார்.

"நேரத்தின் அருமை கருதி..." என்று தொடங்கினேன். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். சத்தமில்லாமல் என் வாய் சிறிது நேரம் அசைந்துகொண்டிருந்ததாக மாலா சொல்கிறாள். வெங்காய மூட்டைகளைப் பற்றியோ, வன்னிப் பிள்ளைகளைப் பற்றியோ, வகுப்பு என்ற ஒன்று இருப்பதைப் பற்றியோ நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

வாக்கெடுப்பு. "அய்சத்தாவின் குழுவுக்கு ஆதரவானவர்கள் கைதூக்குங்கள்" என்றார் அம்மையார்.

நேசன் இடத்தில் இருக்கிறானா என்று நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அவன் கையைத் தூக்கினான். நல்ல உயரமாக. எங்கள் பெற்றோர் அவனைப் பார்த்தார்கள், தூக்கினார்கள். இனியா இரண்டு கையையும் தூக்கினாள். மாலா மட்டும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் அறையை எங்கள் வாக்குகளாலேயே கொடுத்தோம்.

நேசன் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தான். "எல்லாரும் எங்களுக்குத்தான் அண்ணை. ஒருத்தர் மிச்சமில்லை."

ரீச்சர் எழுந்து போனார். கதவுப் பக்கம் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அந்த நிமிடம் சிரிப்பாக இல்லை. சித்திரைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போய்ப் பேசப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் இருந்த பத்துப் பக்கத்தில் அதற்கு ஒரு பதிலும் இல்லை.

ரீச்சர் போனது எதிர் மேசைக்கு. தன்னிடம் இருந்த பிரெஞ்சை எண்ணி எண்ணிப் பேசினார்.

"எங்களிடம் சின்னப் பிள்ளைகள். இடம் இல்லை. உங்கள் பிள்ளைகள் எத்தனை மணிக்கு?"

"நான்கு மணிக்கு, மதாம். அதற்கு முதல் அவர்களுக்குக் காற்பந்துப் பயிற்சி."

"எங்கள் பிள்ளைகள் இரண்டு மணி. நாலுக்கு முடியும்."

அய்சத்தா ரீச்சரைப் பார்த்தாள். பிறகு அம்மையாரைப் பார்த்தாள். அம்மையார் தன் கைமணியைப் பார்த்தார்.

"அப்படியானால் நாங்கள் எதற்காக விவாதித்தோம்?" என்று அம்மையார் கேட்டார்.

எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். வெப்பமூட்டிக்காரரும்தான்.

போகும்போது அய்சத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமியாருக்காக என்றேன்.

"வாசலில் சொன்னதற்கு இல்லையா, மிஸ்யூ?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அதற்கும் கேட்டேன். பிறகு அவளோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வாதம் அது.

அறை இரண்டு குழுவுக்கும் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு மணிக்கு வந்தார்கள். நான்கு மணிக்குப் போகவில்லை, வீட்டுப்பாடத்துக்கு அங்கேயே இருந்துவிட்டார்கள். வன்னிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வாய் அந்த மேசைகளில்தான் திறந்தது. மாலிப் பிள்ளைகள் சிலர் நேரத்தோடு வந்து தமிழ் வகுப்பின் கடைசி வரிசையில் குந்தினார்கள். இனியாவைக் கூட்டிப்போக நான் வாசலில் தலையைக் காட்டினால், இரண்டு தரப்பும் எழுந்து நின்று, கதவுக்கு வணக்கம், மேசைக்கு வணக்கம், வெண்கட்டிக்கு வணக்கம் என்று பிரெஞ்சில் ஓதுவார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் விசாரித்ததில்லை. ரீச்சர் அப்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பார், தோள் மட்டும் குலுங்கும்.

வீட்டிலும் அதே கதைதான். தொலைபேசியில் நான் யாரையாவது சுகம் விசாரிக்கத் தொடங்கினால் மாலா குசினியிலிருந்து கரண்டியால் கோப்பையில் தட்டுவாள். நேசன் இப்போது கூசேன்வில் என்ற ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். நான் அங்கே போய்க் கைலேஞ்சியை எடுத்தால், எத்தனை பேர் நின்றாலும் கைதட்டுகிறான்.

இனியா விவாதத்தை அய்சத்தாவிடமே பழகினாள். 2021 ஆனியில் அவளுக்குப் பள்ளி இறுதியாண்டின் வாய்மொழித் தேர்வு. காலையில் பியர்ஃபித் ரயில் நிலைய மேடையில் அவளோடு நின்றேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பயந்திருந்தாள்.

"பப்பா" என்றாள். எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அன்று தமிழில் கேட்டாள். "உங்கட அந்த வணக்கத்தை ஒருக்காச் சொல்லுங்கோவன். சிரிச்சால் எனக்குப் பயம் போகும்."

வேலைக்குப் போகிற சனம் சுற்றி நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். "இந்த மாபெரும் மன்றத்தின் ஒப்பற்ற தலைவி அவர்களே" என்று தொடங்கினேன். கைகளை விரித்து, குரலை ஏற்றி, ஒரு அடைமொழியும் குறைக்காமல். பக்கத்தில் நின்ற ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காதொலிப்பானைக் கழற்றினார். இனியா தூணில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரயில் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள், கதவு மூடியது. நான் இன்னும் மாநகராட்சிக்காரரையே தாண்டியிருக்கவில்லை.